மூன்றாவது கூப்பாடு

இதுவும் கேட்கிறது. மேலே கரகரவென்று சுற்றுகிற மின்விசிறி கேட்கிறது, கீழே காந்திபுரத்துத் தெருவில் டவுன் பஸ் அடிக்கிற ஹாரன் கேட்கிறது, பக்கத்தில் நின்று பிரிண்டர் மையைப் பற்றிச் சண்டை பிடிக்கிற ஆள் இரண்டு தடவை ஏமாத்து வேலை என்று சொன்னது அட்சரம் பிசகாமல் கேட்கிறது. காதை முழுசா மூடிக்குங் சார், வெளிச்சத்தம் உள்ள வராது என்று சொல்லித்தான் கடைக்காரப் பெண் இந்த இரண்டாவது டப்பாவைப் பிரித்துக் கொடுத்தாள். பூங்கொடி என்று அவள் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நாச்சிமுத்து ஹெட்போனைக் கழற்றாமலே அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு ஆமாம் என்றும் பொருள் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவர் உருப்படியாகக் கற்றுக்கொண்ட வித்தைகளில் அது ஒன்று. மெத்தை கொஞ்சம் முரடு. மூக்குக்கண்ணாடியின் காம்பைக் காதுக்கு மேலே வைத்து அழுத்துகிறது, அரை மணி நேரத்தில் அந்த வலி நெற்றிப்பொட்டுக்கு ஏறும், சாயங்காலத்துக்குள் தாடைக்கு இறங்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா என்ன. இருபத்திரண்டு வருஷமாகக் காதால் பிழைக்கிறவர். எவரோ எங்கேயோ பேசிப் பதிவு செய்ததை வீட்டில் உட்கார்ந்து கேட்டு, கம்ப்யூட்டரில் தட்டி, எழுத்தாக்கித் தருகிற வேலை. கல்லூரிக் கருத்தரங்கு, விவசாயப் பயிற்சி முகாம், ஆராய்ச்சி மாணவர்கள் ஊர் ஊராகப் போய் எடுத்து வருகிற பேட்டி, எல்லாம் அவர் காது வழியாகத்தான் காகிதத்துக்குப் போகும். நாளுக்கு எட்டு மணி நேரம் தலையில் உட்காரப் போகிற சாமான், அதனால் கனம் கூடாது, இறுக்கம் கூடாது, வியர்க்கக் கூடாது. ஒயர் இருக்க வேண்டும், அதுவும் மேசைக்கடியில் கிடக்கிற கம்ப்யூட்டரின் முதுகு வரைக்கும் எட்டுகிற நீள ஒயர். ஒயரில்லாத சாமான் இந்த வேலைக்கு ஆகாது. காலடியில் தையல் மிஷினுக்கு இருப்பது போல ஒரு மிதி வைத்திருக்கிறார். மிதித்தால் பேச்சு ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலை அழுத்தினால் மூன்று விநாடி பின்னால் போகும். ஒயரில்லாததில் மிதிப்பதற்கும் காதில் விழுவதற்கும் நடுவே ஒரு கண்சிமிட்டும் நேரம் தாமதம். காதுல வேலை செய்யறவனுக்குத் தாமதம் ஆகாதும்மா என்று பூங்கொடியிடம் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது.

தாமதம் நாற்பது நிமிஷம். ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால். வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் கால் வழுக்கி அவர் மனைவி தெய்வானை விழுந்தாள். இடது இடுப்பு முறிந்தது. அவர் தண்ணீர் குடிக்கலாம் என்று எழுந்து அடுப்படிக்குப் போனபோது பதினொன்று ஐம்பத்தைந்து. குழாய் திறந்தபடி கிடந்து தண்ணீர் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. ஈரச் சேலையோடு ஒருக்களித்துக் கிடந்தவள் அவரைப் பார்த்து, ‘குழாய நிறுத்துங்க’ என்றாள். அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்துபோயிருக்கும் என்று இந்த மூன்று மாதமாக அவர் நினைக்காத நாள் இல்லை. ‘ஹெட்போன் போட்டிருந்தேன், கேக்கல.’ இந்த வாக்கியத்தை முதன்முதலாக ஆட்டோக்காரரிடம் சொன்னார். அவர் ஒன்றும் கேட்கவே இல்லை, இவராகச் சொன்னார். பிறகு நர்ஸிடம், எலும்பு டாக்டரிடம், பக்கத்துக் கட்டிலில் கிடந்த அம்மாளின் தம்பியிடம். சொல்லச் சொல்ல வாக்கியம் வழவழவென்று ஆகிவிட்டது, வாயைத் திறந்தால் தானே வந்து விழுந்தது. மகள் இந்துமதி ஓசூரிலிருந்து அடித்துப் பிடித்து வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, ‘பத்தடி தூரம்ப்பா, நாப்பது நிமிசம்ப்பா, அப்படி என்ன ஹெட்போன் அது?’ என்று கேட்டபோது, வாக்கியத்துக்கு வால் முளைத்தது. ‘காதை முழுசா மூடற டைப்பு சாமி. இடி உளுந்தாலும் கேக்காது.’ அந்த இடிதான் வினை. கேக்கல என்று நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாதவன் சொல்கிற பொய்க்குத்தான் இப்படி அலங்காரமெல்லாம் தேவைப்படுகிறது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த தெய்வானை விட்டத்தைப் பார்த்துக்கொண்டே மகளிடம் சொன்னாள்: ‘அவுருக்குக் கேக்காது கண்ணு. அத மாட்டீட்டார்னா ஆளையே தூக்கீட்டுப் போனாலும் தெரியாது.’ சாட்சி சொன்னாள். எதற்குச் சொன்னாள்?

எதற்குச் சொன்னாள் என்பது வரைக்கும் வந்து அவர் மனம் எப்போதும் போல நின்று, வந்த வழியே திரும்பியது. இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமை இந்துமதி வருகிறாள். ‘அந்த இடி உளுந்தாலும் கேக்காத ஹெட்போன நானே போட்டுப் பாக்கறேன், அப்பறம் எடுத்து வீதீல வீசறேன்’ என்று போனில் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாளா? பேச்சில் எது சிரிப்பு, எது பல்லைக் கடிப்பது என்று மூச்சை வைத்தே பிரித்துச் சொல்கிற காது அவருடையது, ஆனால் சொந்த மகள் விஷயத்தில் அது வேலை செய்யவில்லை. பழைய ஹெட்போன் இப்போது மடியில் மஞ்சப்பைக்குள் இருக்கிறது. அதன் மெத்தைத் தோல் உரிந்து கருப்புக் கருப்பாக உதிர்கிறது. தலையணையிலிருந்தும் அவர் காதோரத்திலிருந்தும் தெய்வானைதான் அதைத் துடைத்து எடுக்கிறாள். நல்லதா ஒண்ணு வாங்கீட்டு வாங்க, காது புண்ணாகுதல்ல என்று நேற்று அவள்தான் சொன்னாள். புண்ணாகட்டும், அது பெரிசில்லை. பெரிசு என்னவென்றால் அந்தப் பழைய ஹெட்போன் காதை மூடுகிற வகையே இல்லை. இரண்டு பக்கமும் முதுகில் டீ வடிகட்டி மாதிரி ஓட்டை ஓட்டையாக வலை. காற்றும் வரும், சத்தமும் வரும். அதை மாட்டிக்கொண்டே தெருவில் கீரைக்காரி போவதைக் கேட்டிருக்கிறார், குக்கர் விசிலை எண்ணியிருக்கிறார். போன தடவை அவள் கண்ணில் படாமல் இழுப்பறைக்குள் வைத்தாயிற்று, இந்தத் தடவை தலையில் மாட்டிய மறு நிமிஷமே இந்துமதிக்குத் தெரிந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மேசையில் வேறொன்று தொங்க வேண்டும், இதுதான் எப்போதும் இருந்தது என்று சொல்லும்படியாக ஒன்று, நிஜமாகவே இடி விழுந்தாலும் கேட்காத ஒன்று. ஊரில் எல்லாரும் காதுக்கு ஏற்ற ஹெட்போன் வாங்குவார்கள். நாச்சிமுத்து சொன்ன பொய்க்கு ஏற்ற ஹெட்போன் தேடிக் கடைக்கு வந்திருக்கிறார்.

‘எப்படிங் சார் இருக்குது?’ என்று பூங்கொடி கேட்டாள், அதுவும் கேட்டது. அவர் தன் செல்போனிலிருந்து ஒயரைப் பிடுங்காமல், ஒரு பேச்சை ஓடவிட்டுக்கொண்டு, ‘நீங்க எனக்குப் பின்னால போயி நின்னு கூப்புடுங்க, கேக்குதான்னு பாக்கறேன்’ என்றார். ‘எங்கிருந்துங் சார்?’ ‘பத்தடி. அந்த பீரோகிட்ட.’ ‘என்னன்னு கூப்பிடறதுங்?’ அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. ஏனுங்கன்னு கூப்புடுங்க என்று வாய் சொல்லிவிட்டது. அவளுக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை, இந்த ஊரில் யாரும் யாரையும் கூப்பிடுகிற கூப்பாடுதானே. அவள் போய் நின்றாள். கூப்பிட்டாள். ‘ஏனுங்க.’ பேச்சுக்கு ஊடே, மெத்தைக்கு ஊடே, கொஞ்சம் மங்கலாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது. அவர் திரும்பவில்லை. ஏன் திரும்பவில்லை என்று அவரைக் கேட்டால் இன்னும் சோதித்துக்கொண்டிருந்தேன் என்பார். ‘ஏனுங்க.’ இதுவும் கேட்டது. பாதித் தலைகூடத் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார், கை மடியிலிருந்த மஞ்சப்பையைப் பிடித்துக்கொண்டது. ‘ஏனுங் சார்!’ என்று மூன்றாவதாக அவள் சத்தமாகக் கூப்பிட்டதும்தான் திரும்பி, ‘கேக்குதே’ என்றார், குற்றம் சாட்டுகிற குரலில். ‘மொத வாட்டியேவா, மூணாவதாங்?’ என்று கேட்டாள் அவள். வியாபாரத்துக்காகக் கேட்ட கேள்வி. அவருக்குக் காது மடல் சுட்டது.

மூன்றாவதுதான், எப்போதும் மூன்றாவதுதான். முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் நடைமுறையில் இருக்கிற சட்டம் அது. யார் இயற்றியது என்று சொல்ல முடியாது, யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. முதல் கூப்பாடு ஆள் இருக்கிறாரா என்று பார்க்க. இரண்டாவது, காரியம் இருக்கிறது என்று சொல்ல. மூன்றாவதுக்கு எழுந்தால் போதும். கேஸ் சிலிண்டர் மூடி கழல மாட்டேன் என்கிறது, சுவரில் பல்லி, டிவி ரிமோட் எங்கே, வாசலில் கொத்தமல்லிக்காரி, எல்லாவற்றுக்கும் ஏனுங்க. பாதிக்குப் பாதி இரண்டாவது கூப்பாட்டுக்குள் அவளே மூடியைத் திறந்துவிடுவாள், பல்லி தானே போய்விடும், கொத்தமல்லிக்காரி அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். வாரத்தில் எத்தனை நடை மிச்சம் பாருங்கள் என்று நண்பர்களிடம் பெருமையடித்துக்கூட இருக்கிறார், கட்டிய மனைவி இருக்கும்போதே. அவளும் சிரிப்பாள். அவசரமென்றால் ஏனுங்க ஏனுங்க ஏனுங்க என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள், இவர் பெரிய மனது பண்ணி அதை ஒன்று என்று கணக்கு வைத்து இன்னும் இரண்டுக்குக் காத்திருப்பார். விளையாட்டுத்தான். இவருடைய கீபோர்டு பழைய காலத்து ஆசாமி, தட்டினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அடுப்படியில் இருந்தபடியே அவள், இப்பப் பேசறவரு தெளிவாப் பேசறார் போல, டைப்பு மளமளன்னு ஓடுது என்பாள். இல்லையென்றால், என்னங்க ரொம்ப நேரமா நின்னு நின்னு அடிக்கறீங்க, ஆளுக்குத் திக்குவாயா என்பாள். இப்படியெல்லாம் ஒரு வீடு இருந்தது. நினைத்தால் இவருக்கு ஆத்திரம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம்.

அன்றைக்குக் காதில் ஒரு கால்நடை டாக்டர் ஆட்டுக்குக் குடற்புழு நீக்குவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாக்கியத்துக்கு ஒரு இருமல். பதினான்காவது நிமிஷத்தில் முதல் ஏனுங்க. கேட்டது. வெயில் போலவும் குக்கர் விசில் போலவும் அதுவும் ஒன்று என்று விரல் பாட்டுக்கு ஓடியது. இரண்டாவது ஏனுங்க வந்தபோது விரல் நின்றது. காலும் மிதியிலிருந்து தானாக எழுந்துவிட்டது. டாக்டர் இருமலுக்கு நடுவே நின்றுபோனார். ஏன் நிறுத்தினோம் என்பதும் அவருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்: அந்த இரண்டாவது, தரையிலிருந்து வந்தது. நின்றுகொண்டு கூப்பிடுகிற குரலுக்கும் கிடந்துகொண்டு கூப்பிடுகிற குரலுக்கும் வித்தியாசம் உண்டு, நெஞ்சு அழுந்தியிருக்கும், கடைசி எழுத்தில் காற்று இருக்காது. ஆராய்ச்சி மாணவர்கள் கொண்டுவருகிற பேட்டிகளில் பேசுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா படுத்திருக்கிறாரா என்று அடைப்புக்குறிக்குள் போட்டுத் தருகிற மனுஷர் இவர். இந்தக் காதுக்கு அது தெரியாமல் போகுமா. போகவில்லை. தெரிந்தது. தெரிந்துகொண்டு, விரலைக் கீபோர்டுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, மூன்றாவதுக்காகக் காத்திருந்தார். குழாய்ச் சத்தம் கேட்டது. எங்கோ காக்கை. மூன்றாவது வரவில்லை. சரி, முடிஞ்சுது போலிருக்குது என்று நினைத்தார். நினைத்தது மட்டுமில்லை, ஒரு நடை மிச்சம் என்று உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சந்தோஷம் வந்தது, அதுதான் அவரை இன்றைக்கும் அறுக்கிறது. காலையில் சண்டையா, இல்லை. வேலைக்குக் கெடுவா, மறுநாள்தான். ஒரு காரணம் கிடைத்தால் அதைக் கட்டிக்கொண்டு அழலாம், தேடித் தேடிப் பார்த்தாயிற்று, காரணமே இல்லை. காலை மிதியில் வைத்தார், டாக்டர் விட்ட இடத்திலிருந்து இருமினார், ஆட்டுக்கு வெறும் வயிற்றில்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்றார், இவர் அடித்தார். நல்லவேளை, காதுக்குள் நடந்ததற்குச் சாட்சி கிடையாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மூன்று மாதத்தை ஓட்டியிருக்கிறார்.

மூன்றாவது டப்பாவில் இருந்தது கனமான சாமான், கன்னத்தை அமுக்கிப் பிடித்தது, உள்ளே காது மடங்காமல் தாராளமாக உட்கார்ந்தது. பேச்சை ஓடவிட்டார். மின்விசிறி போயிற்று. பஸ் போயிற்று. பிரிண்டர் மைக்காரர் வாயை மட்டும் அசைத்தார், பார்க்க நிம்மதியாக இருந்தது. பூங்கொடியைப் பின்னால் போகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை. கூப்பிட்டிருப்பாள், இந்நேரம் மூன்று தடவையும் கூப்பிட்டு முடித்திருப்பாள், ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. ஆக, இப்படியும் ஒரு மனுஷனுக்குக் கேட்காமல் போகக்கூடும். உலகத்தில் அப்படி நடக்கக்கூடியதுதான். ஒருவன் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பத்தடியில் கூப்பிடுகிறார்கள், அவனுக்குக் கேட்கவில்லை, அவன்மேல் என்ன தப்பு? கண்ணில் நீர் முட்டியது, ஐம்பத்தெட்டு வயது ஆள் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும், மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பூங்கொடி மைக்காரரின் பில்லைத் தேடிக்கொண்டிருந்தாள். ‘கூப்பிட்டீங்களா?’ என்று கேட்டார். ‘இல்லீங் சார், இதோ வந்தர்றேன்’ என்றாள். பிறகு வந்து கூப்பிட்டாள், கேட்டது. முதல் தடவையே கேட்டது.

வீட்டில் இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. இந்துமதி ஊருக்குத் திரும்பும் முன்னால் ஒரு அழைப்பு மணி வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். கயிற்றில் கோத்த பொத்தான் தெய்வானையின் கழுத்தில், மணி இவருடைய மேசையில். அமுக்குனாப் போதும்மா, அப்பா காதுக்குள்ள என்ன போட்டிருந்தாலும் கேக்கும் என்று சொல்லி நாலு தடவை அமுக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு அந்த மணி ஒரு தடவைகூட அடிக்கவில்லை. குளிக்கப் போகும்போது தெய்வானை அந்தப் பொத்தானைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாள், திரும்ப எடுத்துப் போட்டுக்கொள்கிறாள், தாலிக்கொடிக்குத் துணையாக அதுவும் கிடக்கிறது. எதிரில் நின்றால் பேசுகிறாள், பேச்சில் ஒரு குறையும் இல்லை, உப்பு போதுமா என்று கேட்கிறாள், காதோரத்துக் கருப்பைத் துடைக்கிறாள். கூப்பிடுவது மட்டும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு, டக்கென்று ஒரு அடி, மூச்சு, டக்கென்று இன்னொரு அடி, அடுப்படியிலிருந்து இவருடைய மேசைக்கே வந்து நின்று சொல்கிறாள். சிலிண்டர் மூடிக்கு வருகிறாள். ரிமோட்டுக்கு வருகிறாள். இவர் ஒரு காதில் மட்டும் ஹெட்போனை வைத்து மற்றொரு காதைத் திறந்துபோட்டுக்கொண்டு நாள் பூராவும் காத்திருக்கிறார், ஒரு ஏனுங்க வரட்டும், முதல் கூப்பாட்டுக்கே எழுந்து ஓடிப் போய் நிற்கிறேன் என்று. வருவது வாக்கர் சத்தம்தான். சும்மா இருங்க, டாக்டரு நடக்கச் சொல்லியிருக்கறாரல்ல என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான், டாக்டர் நடக்கத்தான் சொல்லியிருக்கிறார்.

‘பழசு வெச்சிருக்கீங்களாங் சார்? குடுங்க, அதே அளவுக்குப் பாத்து எடுத்தர்லாம்’ என்று பூங்கொடி கையை நீட்டினாள். அவர் பையை இறுக்கிக்கொள்வதற்குள் ஒயர் வெளியே தொங்கியதைப் பிடித்து லேசாக இழுத்துவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ‘சார், இது ஓப்பன் டைப்புங். பின்னால பாருங்க, வலை. இதுல எல்லாச் சத்தமும் கேக்குமே.’ மைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். ‘இதுவும் நல்லதுதானுங். வூட்ல வயசானவங்க, கைக்கொழந்தை இருக்கறவங்க இதத்தான் தேடி வருவாங்க, கூப்பிட்டாக் காதுல விழணும்னு. நீங்க எதுக்குங் மூடறத கேக்கறீங்க?’ அக்கறையாகத்தான் கேட்டாள். நல்ல பெண். இந்த அக்கறை ஞாயிற்றுக்கிழமை இவர் வீட்டுக்கும் வந்து மகள் எதிரில் நின்று பேசுவது போலவும், இந்துமதி இவர் முகத்தைப் பார்ப்பது போலவும், கட்டிலிலிருந்து தெய்வானை விட்டத்தைப் பார்ப்பது போலவும் ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ‘தெருவுல ரொம்பச் சத்தம்மா’ என்றார். ‘அது ஒடஞ்சு போச்சு. வேண்டாம். போட்டர்லாம்.’ கடை மூலையில் பழைய சார்ஜரும் செத்த மவுஸும் போட ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. தானே எழுந்து போய் அதில் போட்டார். போட்டது மட்டுமல்ல, மேலே இரண்டு மவுஸை எடுத்து வைத்து மூடினார். எட்டு வருஷம் தலையில் சுமந்த சாமான். அதற்கு வாயிருந்தால் என்று நினைத்து, அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தினார்.

நாலாவதுதான் பொருந்தியது. துணி மெத்தை, கண்ணாடிக் காம்புக்கு இடம் விட்டு மெத்தென்று உட்கார்ந்தது, தலையில் இருப்பதே தெரியவில்லை, ஒயர் மூன்று மீட்டர். பூங்கொடி பீரோவிடம் நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். மைக்காரர் சாட்சி, அவரும் சேர்ந்து ஒரு தடவை கூப்பிட்டாராம். ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை கண்ணில் நீர் வரவில்லை, வெற்றி பெற்றவன் போலக்கூட இல்லை, பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தடவுவது போல இருந்தது. இதையே போடுங்கம்மா என்று கழற்றிக் கொடுத்தார். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு பில் போடப் போனாள். அப்போது செல்போன் அடித்தது. தெய்வானை.

‘ஏனுங்க’ என்றாள். மூன்று மாதத்தில் முதல் ஏனுங்க. அவருக்கு எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது, எழுந்தே நின்றுவிட்டார். ‘சொல்லு தெய்வானை, சொல்லு.’

‘கெடச்சுதுங்களா?’

‘கெடச்சுது. மெத்துனு இருக்குது. வெளிச்சத்தம் துளி வராது.’

‘காது வலிக்காதல்ல?’

‘வலிக்காது.’

‘அப்பறம் என்ன. அதே கடையில, தட்டுனாச் சத்தம் வராத கீபோர்டு இருக்குமான்னு கேட்டு ஒண்ணு வாங்கீட்டு வந்துருங்க.’

‘அது எதுக்கு? இருக்கறது நல்லாத்தானே அடிக்குது.’

போனில் வாக்கரை ஓரமாகச் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்துகொண்டாள் என்று அவருடைய காது சொன்னது.

‘அன்னைக்கு ரெண்டாவது வாட்டி நான் கூப்பிட்டப்போ டைப்பு நின்னுச்சுங்க. சரி, கேட்ருச்சு, எந்திரிச்சு வர்றீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் மூணாவதாக் கூப்பிடல. சித்த நேரங் கழிச்சு மறுக்கா ஆரம்பிச்சுது.’ மூச்சு விட்டாள். ‘அதுக்கப்பறம் கூப்பிடத் தோணலீங்க.’

அவர் வாயைத் திறந்தார். வழவழவென்று இருந்த அந்த வாக்கியம் வரவில்லை.

‘இந்துகிட்ட நான் ஒண்ணும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். கெடக்கறப்போ அந்தச் சத்தத்தக் கேட்டுட்டே கெடந்தேனல்லங்க, அதான், இப்பெல்லாம் நீங்க அடிக்க ஆரம்பிச்சா என்னால இந்த வூட்ல உக்கார முடியறதில்ல. வர்றப்போ கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கீட்டு வாங்க.’

போன் நின்றது. நாச்சிமுத்து அதைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றார். மேலே மின்விசிறி சுற்றியது. கீழே பஸ் போயிற்று.

‘ஏனுங் சார்’ என்று பின்னாலிருந்து பூங்கொடி கூப்பிட்டாள். கேட்டது.

‘ஏனுங் சார், பில்லு ரெடிங்க.’ அதுவும் கேட்டது. நன்றாகக் கேட்டது.

மூன்றாவது தடவை அவள் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.